தையல் கடையில் செய்தி வாசித்தவன்

இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தவரை உன் கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனவன் நான். இனி நீ பதில் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, சொல்ல வருகிறது.

போன வாரம் ஒரு கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்துவதற்காகச் செங்கம் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் தையல் கடைக்குப் போனேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஜிப்பா தைக்கிற கடை. உள்ளே கால் வைத்ததும் மிஷின் எண்ணெயும் ஈரத் துணிமேல் இஸ்திரிப் பெட்டி பட்ட ஆவியும் கலந்த வாசனை வந்தது. எப்போதும் உன் மேல் அடிக்கும் வாசனை. திரும்பிவிடலாமா என்று நிற்கும்போது மூலையிலிருந்து ஒரு குரல்.

"இன்னா ரேடியோ, வழி தெரிஞ்சிச்சா?"

உன் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெரியவர், நாம் எல்லோரும் நைனா என்று கூப்பிட்டவர். உன் மிஷின் நின்றபின் அங்கே வந்துவிட்டாராம். நீ மாசியில் போய்விட்டாய் என்று அவர்தான் சொன்னார். எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனா, தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பியபோது எனக்கு இருந்தது ஒரே ஆசை. வானொலியில் செய்தி வாசிக்க வேண்டும். பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ, அதற்குள் தேரடிப் பக்கம் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாய். கடை அலமாரியின் மேல் பெரிய வால்வு ரேடியோ ஒன்று, லைனிங் துணி போர்த்தியபடி இருக்கும். "அது ரிப்பேருடா. காலைல பேப்பர் வந்ததும் நீ வந்து படி. உனக்கும் பழகும், எங்களுக்கும் பொழுது போவும்" என்றாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் பேப்பர்க் கட்டு வந்து இறங்கியதும் நான் உன் கடைக்கு வருவேன். துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் நின்றுகொண்டு தலைப்புச் செய்தியிலிருந்து மழை நிலவரம் வரை வாசிப்பேன். நான் தொண்டையைச் செருமியதும் நீ மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாய். வாசித்து முடிக்கும்வரை சக்கரம் சுற்றாது. அளவு கொடுக்க வந்தவர்கள்கூடக் கையைத் தூக்கியபடி நின்று கேட்டார்கள். "ஸ்டேஷன் கொரகொரங்குது, வால்யூம் கம்மி பண்ணுப்பா" என்பார் நைனா. சளி பிடித்திருக்கும் எனக்கு.

வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தாய். "ரேடியோவுல சட்டை தெரியுமாடா?" என்று நைனா கேட்டார். நீ ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாய்: "தோள் சரியா உக்காந்தா நெஞ்சு நிமிரும். நெஞ்சு நிமிர்ந்தா மூச்சு நெலையா நிக்கும், நைனா."

முதல் தேர்வில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரி, நான் அரைப் பக்கம் வாசிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "குரல் நல்லா இருக்கு சார். ஆனா ஆற்காட்டு வாடை போகலையே" என்றார். நான் படித்த தமிழை, நான் எழுதிய தமிழை, ஒரு வாய்க் காபிக்கு நடுவே வாடை என்று சொல்லிவிட்டார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அடுத்த முறை வேறு அதிகாரி, வேறு காரணம். அதற்கடுத்த முறை காரணம்கூடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவேன். நீ டீ வரவழைப்பாய். "அவனுங்களுக்கு காது இல்லடா. அடுத்த தபா பாரு." மறுநாள் பேப்பர் வந்ததும் மீண்டும் உன் மேஜையோரம் நிற்பேன். யாரோ சாவி கொடுத்த மாதிரி.

இந்த இடத்தில்தான் உன்னோடு என் வழக்கு. கீழ்பென்னாத்தூரில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தது. அப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அந்த உத்தரவை உன்னிடம் காட்டினேன். நீ அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அங்க போய் உக்காந்துட்டின்னா இந்தக் குரல் செத்துடும்டா" என்றாய். நான் போகவில்லை. அப்பா அதற்குப்பின் என்னோடு சரியாகப் பேசாமலே போய்ச் சேர்ந்தார். என் இடத்தில் சேர்ந்தவன் இப்போது செயலாளர். எதிரில் பார்த்தால் பைக்கை நிறுத்தி நலம் விசாரிக்கிறான். எனக்கு ஒரு டுடோரியலில் கிடைத்த வேலை, பரீட்சையில் தோற்ற பையன்களுக்குத் தமிழ் இரண்டாம் தாள் நடத்துவது.

நிலையத்துக்கு விண்ணப்பிக்கும் வயது கடந்துபோன ஆண்டில் ஒருநாள், வழக்கத்துக்கு மாறாகப் பிற்பகலில் உன் கடைக்கு வந்தேன். தெருமுனையிலேயே பாட்டுக் கேட்டது. அலமாரி மேல் இருந்த அந்த ரேடியோ, துணி விலகி, விளக்கெரிய, கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ பாய்ந்து போய் நிறுத்தினாய்.

"எப்ப சரியாச்சு?" என்றேன்.

நீ லைனிங் துணியை இழுத்து அதன்மேல் போர்த்தினாய். நைனாதான் பேசினார். "அது எங்க கெட்டுச்சு? நீ வர்ற நேரத்துக்கு மட்டும் வாயக் கட்டி வெச்சிருந்தான்."

"நீ படிக்கறது நல்லா இருந்துச்சுடா. அதான்" என்றாய்.

உலகத்துச் செய்தியையெல்லாம் நிஜக் குரலில் முந்தின இரவே கேட்டு முடித்தவர்களுக்கு, மறுநாள் காலையில் நான் மூச்சைப் பிடித்து வாசித்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடித்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் நான் வந்த வேலையை விட்டேன். படியிறங்கியவன் பிறகு வரவில்லை. நீ இரண்டொரு முறை ஆள் அனுப்பினாய். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

போன வாரம் நைனாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஏன் நைனா, அவன் அப்படிச் செஞ்சது பரிதாபத்துலயா?"

அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார். "இன்னா பரிதாபம்? நீ வர்றத நிறுத்திட்ட பொறவும் பேப்பர் வர்ற நேரத்துக்கு மிஷின நிறுத்திட்டு சும்மா உக்காந்திருப்பான். துணி கேட்டு ஆளுங்க கத்துவாங்க. ஏன்டான்னா, பழக்கம்பான். ரேடியோவையும் அந்த நேரத்துல போட உட மாட்டான்."

பழக்கமாம். வேறு சொல் கிடைக்கவில்லையா உனக்கு? தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை ஒழுங்காக வெறுத்திருப்பேன். இப்போது அதுவும் அரைகுறையாகிவிட்டது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அந்த எழுத்தர் வேலை எனக்கு வேண்டியிருந்தது. நிலையம் ஒவ்வொரு தேர்விலும் என்னை ஒருமுறைதான் காயப்படுத்தியது. நீதான் திரும்பத் திரும்ப எழுப்பி அனுப்பினாய். நம்பிக்கை கொடுப்பவன் ஒருவன் பக்கத்தில் இல்லாமலிருந்திருந்தால், நானும் எல்லோரையும்போல நேரத்தில் சோர்ந்து, நேரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்கும்போது தோள் தானாக நிமிர்கிறது, மூச்சு நிலையாக நிற்கிறது. பையன்கள் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள். இது நிலையம் கற்றுக்கொடுத்ததல்ல. அதைத் தொலைக்கவும் எனக்குத் தெரியவில்லை.

உன் கடையை இப்போது உன் தம்பி துணி விற்கும் கடையாக நடத்துகிறான் என்றார் நைனா. இந்தக் கடிதத்தின் உறையில் உன் பெயரையும் அந்த விலாசத்தையுமே எழுதியிருக்கிறேன். கீழே என் பெயரைப் போட்டால் அவன் என்னைத் தேடிக்கொண்டு வருவான். உன் தம்பிதானே, உட்கார்ந்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லுவான். இன்னொருவர் வந்து என்னைத் தேற்றுவதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. பெயர் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.