கோழிக்கூட்டைக் கும்பிட்ட மூன்று நாள்

அக்கா,

இன்று காலை சுண்ணாம்பு கரைத்தேன். தண்ணீர் பட்டதும் சட்டியில் சீறிக் கொதித்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. திடலில் ஆள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரிசைக் கற்களுக்கு வெள்ளையடிப்பது இப்போது என் வேலை. என்னை நம்பிக் கல்லைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

நம் தோட்டத்தில் தட்டையான இடம் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சரிவு. இங்கே தேயிலைச் செடிகூட ஒரு காலை மடக்கித்தான் நிற்கிறது. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், வாசலில் சும்மா கிடந்த அந்தத் திடலை எல்லாருக்கும் பங்கு பிரித்தீர்கள். வேலை விட்டதும் முதலில் குழந்தைகள், அப்புறம் எங்கள் சடுகுடு. ஞாயிறு மத்தியானம் பெண்களின் கும்மி. வெயில் விழும் ஓரம் கிழவர்களுக்கு. பெண்களுக்குச் சடுகுடுவா என்று கங்காணி மீசையைத் தடவியபோது, “நாளெல்லாம் கூடை சுமக்கிற காலு, கொஞ்சம் ஓடட்டுமே கங்காணி” என்றீர்கள். மீசையிலிருந்து கை இறங்கிவிட்டது.

வெள்ளைக்காரத் துரை போய் ஜப்பான் துரை வந்தார். அரிசி போய் மரவள்ளி வந்தது. தட்டையான நிலம் முழுவதும் மரவள்ளி நடவேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உத்தரவைக் கொண்டுவந்தார். என் வயிறு மரவள்ளிப் பக்கம், மனசு சடுகுடுப் பக்கம். நீங்களோ அலட்டிக்கொள்ளாமல் கேட்டீர்கள்: “மரவள்ளிய நாம குடியிருக்கிற லயத்துக்குப் பின்னாடி சரிவுல நட்டுடுவோம் கிராணி. ஆனா காலையில இத்தனை பேரும் எங்க நின்னு கும்புடுறது? செடி மேலயா?”

வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கிழக்கே பார்த்து அவர்கள் ராஜாவுக்குக் குனிய வேண்டும், எண்ணிக்கைக்குக் கைகால் ஆட்ட வேண்டும் என்பது துரையின் கட்டளை. நீங்கள் கேட்டதைக் கிராணி மலாயில் எடுத்துச் சொல்ல, துரை தலையாட்டினார். காலை வரிசை ஒழுங்காக இருக்கும்வரை திடல் இருக்கும் என்று முடிவானது. மறுநாளே சரிவில் மரவள்ளிக் குச்சியோடு நீங்கள்தான் முன்னால் போனீர்கள்.

அப்படிக் காப்பாற்றிய திடலை நான் என்ன செய்தேன்?

நீங்கள் நட்ட வரிசைக் கற்களைப் பார்த்துத்தான் எல்லாரும் திசை பிடிப்பார்கள். மூடுபனியில் சூரியனை எங்கே தேடுவது? ஒரு சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கற்களை நகர்த்தி நட்டேன். அடுத்த மூன்று நாள் காலையும் தோட்டமே மேற்கே இருந்த கங்காணியின் கோழிக்கூட்டைப் பார்த்துப் பயபக்தியோடு குனிந்தது. விடியலைக் கூவி அழைப்பது சேவல்தானே, அதற்கும் ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் பனி விலகிவிட்டது. வெயில் முதுகில் சுட்டது. எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் நீண்டு, எங்களோடு சேர்ந்து கோழிக்கூட்டைக் கும்பிட்டன. துரை திரும்பிப் பார்த்தார். கல் வைத்தது யார் என்று கிராணி கேட்டார். நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“நான்தான் வச்சேன். பனியில திசை தப்பிப்போச்சு” என்று நீங்கள் முன்னால் போனீர்கள்.

துரை உங்கள் கன்னத்தில் விட்ட அறையின் சத்தத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை, அக்கா. துரை கைத்தடியால் திடலைக் காட்டினார். கொத்திவிடச் சொல்கிறார் என்றார் கிராணி. நீங்கள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “நாளைக்கு ஒரு காலை மட்டும் வந்து பாக்கச் சொல்லுங்க. ஒரு கை தப்பினாலும் நானே மம்பட்டி எடுக்கறேன்” என்றீர்கள்.

அன்று சாயங்காலம் திடலில் விளையாட்டு இல்லை. அதுவரை கொட்டாவி விட்டபடி ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தவர்கள், இருட்டும்வரை ‘இச்சி, நீ, சான்’ என்று ஜப்பான்காரர் எண்ணிக்கைக்குப் பழகினார்கள். முட்டி மடங்காத கிழவர்கள்கூட மடக்கினார்கள். கங்காணியும் தொப்பையோடு குனிந்தார். எண்ணிக்கை சொல்ல என்னை முன்னால் நிறுத்தினீர்கள். மறுநாள் காலையில் தோட்டமே ஒரே ஆள் போல அசைந்தது. ராஜாவுக்காக அல்ல, சடுகுடுவுக்காக. துரை கடைசிவரை பார்த்துவிட்டு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கிராணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “போலாம், வேலையப் பாருங்க” என்றார். திடல் பிழைத்தது.

அன்று கொட்டகைக்கு வந்து அழுதேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “தெரியும்டி. கல்லு நட்டவளுக்குக் கல்லு நகர்ந்தது தெரியாதா? மூணு நாளும் எனக்கும் சிரிப்புதான். ஆனா அறை யார் மேல விழும்னு பாத்துட்டுச் சேட்டை பண்ணு.” என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சடுகுடுவில் என்னைச் சேர்க்காமலும் இல்லை.

மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். தானா ராத்தா கடைத்தெரு வரை நடந்து தேடியும் கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. அழுதுகொண்டே உட்கார முடியவில்லை, அக்கா. பிள்ளைகள் வந்து இன்றைக்கு யார் முறை என்று கேட்டார்கள். சொல்ல ஆள் வேண்டுமே. சொன்னேன்.

போன வாரம் துணிப்பந்துக்குள் ஒரு வாண்டு கல்லை வைத்துக் கட்டியிருக்கிறான். பந்து போய்க் கிராணி வீட்டுக் கண்ணாடியை உடைத்தது. இனி திடலில் ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது என்று கத்திக்கொண்டே வந்தார். பிள்ளைகள் எல்லாம் என் பாவாடைக்குப் பின்னால். நான்தான் எறிந்தேன், என்னை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். செய்த சேட்டைக்கெல்லாம் தப்பித்தவள், செய்யாத ஒன்றுக்கு மாட்டிக்கொண்டேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். அப்புறம், “கண்ணாடியப் பெருக்கிட்டு, ஒரு வாரம் ஓரமா உக்காரு. மத்ததுங்க ஆடட்டும் லா” என்று மலாய்க்காரர் பாணியில் இழுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வாரம் நான் கிழவர்களோடு வெயிலில் உட்கார்ந்து சடுகுடு பார்க்கிறேன். அந்த வாண்டு ஆட்டத்துக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொல்லட்டும்.