வீட்டில் படிப்பு கிடையாது

கோலசிலாங்கூர்,
3 டிசம்பர் 1951

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு நவமணி எழுதுவது.

இங்கே அண்ணன், அண்ணி, நான் மூவரும் உடம்புக்குச் சுகம். மனசின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், கோபமாக இருக்கும் நாட்களிலும்.

மழை விடவில்லை. அண்ணன் ஆற்றைக் கடந்து பாசிர் பெனம்பாங் போய் நல்ல நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தார். உங்களுக்கு ஒரு பொட்டலம் கட்டினேன். இந்த அவசரகாலத்தில் சாப்பாட்டுச் சாமான் என்றால் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று உங்கள் தோட்டத்துக் கேட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அண்ணன் தடுத்துவிட்டார். நாங்களே சாப்பிட்டோம்.

உங்கள் வாசிப்புக் குழுவுக்கு நீங்கள் போட்டு அனுப்பிய அடுத்த வருஷத்துப் பட்டியல் வந்தது. மாதம் ஒரு புத்தகம். கதை கூடாது, நடந்ததும் உள்ளதும் மட்டும்தான் என்ற உங்கள் சட்டம் இன்னும் இருக்கிறது. ஜனவரியில் நட்சத்திரங்கள், பிப்ரவரியில் ரப்பர் கன்று கடல் தாண்டி வந்த வரலாறு, மார்ச்சில் கொசுவும் மலேரியாவும் என்று வரிசையாகப் போகிறது. எதிரே யார் பேசுவது என்றும் கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு எதிரே கான்ஸ்டன்ஸ் டீச்சர். சுங்கை சோவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் வருஷத்தில் பாதிக்குமேல் அவருக்கு. ஆகஸ்டில் குழந்தை வளர்ப்பு, அதையும் கல்யாணமாகாத டீச்சர்தான் பேசுகிறாராம். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "படிச்சவங்களுக்கு எல்லாம் தெரியும் லா" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குழு எங்கே ஆரம்பித்தது அத்தான்? நம் வீட்டு மேசையில். நீங்கள், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நல்லசாமி, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இருசப்பன், மூன்றே பேர். நீங்கள் வாசிப்பீர்கள். நான் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டு ஒரு வரி விடாமல் கேட்பேன். அது உங்கள் மூவருக்கும் தெரியாது. ஜூன் மாதம் ரோட்டில் லோரியைச் சுட்ட பிறகு, பெண்பிள்ளைக்கு இது இடமில்லை என்று என்னை இங்கே அனுப்பிவைத்தீர்கள். அடுத்த மாதமே குழு பள்ளிக்கூடத்துக்குப் போனது, டீச்சர் வந்தார். டீச்சரும் பெண்பிள்ளைதான் என்று நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போல ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார்களுக்குக் கார்பன் வைக்காமல் எழுத வராது. டீச்சருக்கு நீங்கள் எழுதிய சீட்டின் நகல் அடித்தாளில் ஊதாவாக விழுந்திருக்கிறது. அந்தத் தாளையே திருப்பி, சுத்தமான பக்கத்தில் எனக்குப் பட்டியல் எழுதி அனுப்பிவிட்டீர்கள். எழுத்துக்கு எழுத்து படிக்க முடிகிறது. தப்பாக ஒன்றும் இல்லை. தப்பாக இருந்திருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்திருப்பேன். "புத்தகங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள் டீச்சர், எங்கள் வீட்டில் படிப்பு கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் உங்கள் மார்ச் மாதத்துப் புத்தகத்தை ஏற்கெனவே இரண்டு தடவை படித்துவிட்டேன். அண்ணனுடைய சிநேகிதர் சிவானந்தத்திடம் இரவல் வாங்கினேன். முதலில் குளிர், பிறகு சூடு, பிறகு வியர்வை என்று அதில் இருக்கிறது. சரிதான். குளிர் அரை மணி நேரம் இருக்கும் என்று எழுதியிருப்பது தப்பு. போன வருஷம் உங்களுக்கு வந்தபோது இரண்டு கம்பளியும் போதாமல் நானே உங்கள்மேல் படுத்து அழுத்திப் பிடித்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். இது டீச்சருக்குத் தெரியுமா?

பதில் எழுதுங்கள். கார்பன் வேண்டாம்.

உங்கள்
நவமணி


கோலசிலாங்கூர்,
17 டிசம்பர் 1951

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் பதில் புதன்கிழமை வந்தது. வீட்டில் என்று எழுதியது வீட்டைத்தானாம். ஊரடங்கினால் விளக்கைச் சீக்கிரம் அணைக்கச் சொல்கிறார்களாம், அதனால் வீட்டில் வாசிப்பு நடப்பதில்லையாம். அத்தான், ஆண்கள் வீட்டில் என்றால் யாரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் ஆபீசில் "வீட்டில் பல்வலி" என்று லீவு கேட்டால் கதவுக்கா பல் வலிக்கிறது? கதை கூடாது என்று குழுவுக்குச் சட்டம் போட்டவர், எனக்கு மட்டும் இப்படிக் கதை எழுதலாமா?

ஆனாலும் வீட்டைத்தான் சொன்னீர்கள் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். சனிக்கிழமை டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது.

அன்புள்ள அக்கா என்று ஆரம்பித்திருக்கிறார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, அதற்கே எனக்கு எரிச்சல் வந்தது. உங்களுக்கு நான்கு நாளாகக் காய்ச்சலாம். எனக்குத் தெரியக்கூடாது என்றீர்களாம். மனசு கேட்காமல் அவர் எழுதுகிறாராம். நல்லசாமி மருந்து கொடுக்கிறார், இருசப்பன் மனைவி கஞ்சி கொண்டுவருகிறாள், டீச்சரும் சாயங்காலம் வாசற்படியில் நின்று விசாரித்துவிட்டுப் போகிறாராம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கொசுப் புத்தகத்தைப் பற்றி நான் எழுதியதை, காய்ச்சலுக்கு முந்தின நாள் நீங்கள் குழுவில் வாசித்தீர்களாம். புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்தவர்தான் மார்ச்சில் பேச வேண்டும் என்று சொல்லி, டீச்சரே தம் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாராம். உங்கள்மேல் படுத்தேன் என்று எழுதினேனே, அதையுமா இருசப்பன் முன்னால் வாசித்தீர்கள்? நினைக்க நினைக்க முகம் சுடுகிறது. இனி அவர் கண்ணில் எப்படி விழிப்பேன்?

பட்டியலில் எனக்கும் ஒரு மாதம் கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. டீச்சர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மார்ச்சை எனக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அவர் முந்திக்கொண்டார். ஆமாம், எனக்குப் பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் நடுங்குவதை அவர் வாசற்படியிலிருந்து பார்க்கிறார். நான் சில நாள் கழித்துக் காகிதத்தில் படிக்கிறேன். எந்த வீட்டில் யார் இருக்க வேண்டியது?

ஆகவே புறப்பட்டு வருகிறேன். ரோடு சரியில்லை என்று தந்தி அடிக்க வேண்டாம். அந்த ரோட்டின் முனையில்தானே நீங்களும் இருக்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ரவாங், அங்கிருந்து ரயிலில் கலும்பாங். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்து லோரியில் ஏறிக்கொள்கிறேன், நல்லசாமியிடம் சொல்லி டிரைவருக்குத் தெரிவியுங்கள். "சுடுறானுங்க புள்ள, போகாத" என்று அண்ணன் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணிதான் "விடுங்க லா, இங்க இருந்தா இவ நம்மளச் சுடுவா" என்று சம்மதிக்கவைத்தார். ரயில் வரை அண்ணனே வருகிறார். எனக்குப் பயம் இல்லை என்று எழுத ஆசை. பயமாகத்தான் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வருவதை டீச்சரிடம் சொல்லாதீர்கள். அவர் குணத்துக்கு என்னை வரவேற்க அவரே கேட்டுக்கு வந்து நின்றுவிடுவார். லோரி நாலு மணிக்கு உள்ளே வரும். கேட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் இருங்கள். நிற்கத் தெம்பில்லாவிட்டால் நாற்காலி போட்டு உட்காருங்கள், பரவாயில்லை. வழியில் கர்த்தர் என்னைப் பார்த்துக்கொள்வார். நான் வந்து சேரும்வரை உங்களையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். வேறு யாரும் வேண்டாம்.

உங்கள்
நவமணி