வால் உடைந்த இரண்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் இந்த வாரம் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி குறைந்ததா, அந்தப் பழைய நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றியிருக்கமாட்டாய். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன், கோபம்தான், இல்லை என்று மழுப்பவில்லை. அதற்குப் பிறகு நீ அழைத்ததையும் எடுக்கவில்லை, உயிரோடுதான் இருக்கிறோம் என்று அப்பா உனக்குச் செய்தி அனுப்பினாராம், நல்ல மனிதர். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய், கடிதத்தில் முடியாது. அதனால் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

நம் எதிர்வரிசை ரொட்டிக்கடைக்காரர் ஒரு கத்தி கொண்டுவந்தார் என்று அரைகுறையாகச் சொன்னேன் அல்லவா. பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டுவார்களே, அந்தக் கத்தி. அவர் நீ வெளியூர் போன பிறகு இந்தத் தெருவுக்கு வந்தவர், போன தடவை நீ வந்தபோது சூடாக ஒரு ரொட்டியைக் கையில் திணித்தாரே, அவர்தான். அவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய அப்பா சண்டையில் இறந்துவிட்டார். உடல் வரவில்லை, வந்தது சிப்பாய்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்னப் புத்தகம் மட்டும். அதில் அவருக்குக் கொடுத்த கத்தியின் எண் 3262 என்று எழுதியிருக்கிறது. அந்த எண்ணைப் பழம்பொருள் கடைகளில் சொல்லிவைத்து ஊர் ஊராகத் தேடியிருக்கிறார், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்துவிட்டது. இப்போது அருங்காட்சியகத்தில் சிப்பாய்களைப் பற்றி ஒரு கண்காட்சி, அவருடைய அப்பா படத்தோடு கத்தியையும் வைக்கக் கேட்டிருக்கிறார்கள், சுத்தம் செய்து, முத்திரைகள் எல்லாம் சரி என்று விஷயம் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். நீங்கதான் தங்கச்சி இரும்புல எழுத்து வெட்டுறவங்க, நீங்க பாத்துச் சொன்னா எனக்குப் போதும் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா உடனே பாலிஷ் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், கண்ணாடி மாதிரி ஆக்கிடலாம் என்கிறார். கையை ஒடித்துவிடுவேன் என்றேன். பழைய கத்தியைப் பளபளப்பாக்கினால் சேகரிக்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், அந்தக் கறுப்பு அதன் வயசு, அதைத் தொடக்கூடாது, சிவப்புத் துருவை மட்டும்தான் எடுக்கவேண்டும். இரண்டு நாள் எண்ணெய் தடவி ஊறவைத்து, செம்புத் துண்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன், செம்பு இரும்பைக் கீறாது. பிடியின் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், விறைத்துப்போன தோல் உறைக்கு மெழுகு. அலகின் அடியில் தொழிற்சாலை முத்திரை, ஆண்டு, சோதித்தவர் முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. துப்பாக்கிக் குழலில் மாட்டும் வளையம் நெளியவில்லை, பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசை இன்னும் வேலை செய்கிறது. போலி இல்லை, நிஜமான பட்டாளத்துக் கத்தி. அப்பா எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டு, சும்மா கத்தி என்றால் ஒரு விலை, இன்னாருடையது என்று எண் சொன்னால் அது பல மடங்கு என்று எனக்கே பாடம் எடுத்தார். சரி, எண்ணையும் பார்ப்போம் என்று பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் குறுக்குப் பட்டையைத் துடைத்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். 3262. அதில் இருக்கும் 2 இரண்டுக்கும் வால் நுனி இல்லை.

உனக்குப் புரிந்திருக்கும். நீ ஒன்பதாவது படிக்கும்போது இரும்பில் எண் அடிக்கும் அச்சுப் பெட்டியைத் தரையில் கொட்டினாயே, அன்றைக்கு இரண்டாம் எண் அச்சில் உடைந்த வால் அது. காதைத் திருகினேன், நீ அழுதாய், தனியாக ஒரு அச்சு கிடைக்காது என்று அதையே வைத்து இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நம் கடையில் அடித்த எந்த இரண்டைப் பார்த்தாலும் இது நம்ம பையன் கையெழுத்து என்று அப்பா கிண்டல் செய்வாரே. பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன், அதே இரண்டுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழம்பொருள் கடைக்காரர் ஒரு கத்தி கொண்டுவந்தார், இப்போது கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். துருவுல நம்பர் அழிஞ்சுபோச்சு, பழைய நம்பரையே திரும்ப அடிச்சுக் கொடுங்க என்று எண் எழுதிய ஒரு சீட்டை நீட்டினார். அடித்துக் கொடுத்தேன். போனில் உன்னிடம் ஏமாந்துபோனேன் என்று சொன்னேன், அது பொய். துரு தின்ற இடம் குழிகுழியாக இருக்கும், இந்த இடமோ புதிதாக அரம் போட்டு வழவழவென்று இருந்தது. வேறு எண்ணை வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நிறைய வேலை கொண்டுவருகிறவர், எதற்குக் கேட்டு முகத்தைக் கெடுத்துக்கொள்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு நீ போனில் என்ன சொன்னாய், சொல்லாதேம்மா, துடைச்சுக் குடுத்துட்டுக் கையெழுத்துப் போடு, அந்தப் பெரியவர் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப் போகுது. என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய். ஆனால் நாலு நாள் அந்தக் கத்தி என் மேஜையில் கிடந்தது, கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. சனிக்கிழமை கண்காட்சி. வியாழக்கிழமை மத்தியானம் அவரைக் கடைக்கு வரச்சொன்னேன். அப்பாவை உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை, என் பக்கத்திலேயே நின்றார். ஒரு செம்புத் தகட்டில் அந்த அச்சை வைத்து அடித்துக் கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன், இதை அடித்தது நான்தான் அண்ணே என்றேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நகத்தில் மாவு காய்ந்திருந்தது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தினமும் கடை திறக்கறதுக்கு முன்னாடி இதுகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன், பதினோரு வருஷமா யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன் என்று கேட்டார். கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். பிறகு, இதுக்கு முன்னாடி இங்க என்ன நம்பர் இருந்துச்சு என்றார்.

மேலே அரம் போட்டாலும் ஆழமாக அடித்த எண்ணின் அழுத்தம் இரும்புக்குள் இருக்கும், அமிலம் பட்டால் சில சமயம் நிழல் மாதிரித் தெரியும், ஆனால் கறை விழும் என்றேன். பாருங்க என்றார். பெயர்ப்பலகை அரிக்க வைத்திருக்கும் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். முதலில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது தடவை தடவியபோது நான் அடித்ததற்கு ஒரு நூல் அளவு மேலே மங்கலாக எழும்பியது, 4075. அவரே வாய்விட்டுப் படித்தார். ஒரு நிமிஷத்தில் மறைந்துவிட்டது. ரொட்டி சுற்றும் காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, கத்தியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கண்காட்சிக்குத் தன் அப்பா படத்தையும் அந்தச் சின்னப் புத்தகத்தையும் மட்டும் கொடுத்தாராம்.

மறுநாள் காலை நம் வீட்டுக்கு அவர் தினமும் அனுப்பும் ரொட்டி வரவில்லை, அவர் இந்தத் தெருவுக்கு வந்த ஆறு வருஷத்தில் முதல் தடவை. அப்பா இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கிவந்தார், நன்றாக இல்லை, அதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. நேற்று அவர் கடைக்குள் வந்தார். நான் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அப்பாவைப் பார்த்து, அவங்ககிட்டக் கேட்டுச் சொல்லுங்க, முதல் நம்பர் நாலுதானே, ஒன்னு இல்லையே என்கிறார். தங்கச்சி போய் அவங்க ஆகிவிட்டேன். நாலுதான் என்று நான் சொன்னேன், நாலுதானாம் என்று அப்பா சொன்னார். 4075 யாருடையது என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் போகிறாராம். இந்தாளோட பிள்ளையும் எங்கேயாவது தேடிக்கிட்டு இருப்பான் இல்ல என்று அதையும் அப்பாவிடமே சொன்னார். அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன்.

கண்ணா, ஒன்று யோசி. நான் இல்லாமல் போய், நீ என்னைத் தேடி வந்து, யாரோ ஒருத்தியின் பொருளில் என் பெயரை வெட்டி உன் கையில் கொடுத்தால் நீ சந்தோஷமாக இருந்துவிடுவாயா. இனி அப்படிச் சொல்லாதே, என் நன்மைக்காகக்கூடச் சொல்லாதே.

இப்போது உனக்கு ஒரு வேலை. பட்டாளத்து ஆவணக் காப்பகம் நீ இருக்கும் ஊரில்தான் இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுப் போய், 4075 யாருக்குக் கொடுத்தார்கள் என்று பதிவேட்டில் பார்த்துச் சொல். சுத்தம் செய்யும்போதே கத்தியின் முத்திரைகளைக் காகிதத்தில் அச்செடுத்திருந்தேன், இதோடு வைத்திருக்கிறேன், மடிக்காதே. 3262 எங்கே போனது என்றும் கேள், கிடைக்காமல் போகலாம், ஆனாலும் கேள். போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போ, அங்கே நாள் முழுக்க உட்கார வைப்பார்கள். நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், யாரிடமும் எதையும் மறைக்கத் தேவையில்லாமல் இருக்கவேண்டும், உனக்காக நான் வேண்டுவது இவ்வளவுதான். அப்பாவின் ஆசியும் உண்டு, நாற்காலியை மாற்றச் சொல்கிறார். ரொட்டி இன்னும் வரவில்லை.

அந்த எண்ணை அடித்த கையாலேயே இதையும் எழுதும்,
உன் அம்மா