பட்டியலில் இல்லாத சர்வே நம்பர்

அண்ணே,

காலையில் ஜன்னலுக்கு அடிக்கச் சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடையில் உங்கள் முகம்தான் வந்து நின்றது. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. டப்பாவை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் சர்வே இலாகாவில் சங்கிலி பிடிக்கிறவன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போவதாகப் பேச்சு. அளக்க வந்த நாங்கள் உங்கள் கிணற்றோரம் ஒரு கல்லை நட்டுத் தலையில் சிவப்பு அடித்தோம். வெறும் அளவுக் கல் அது. சர்க்கார் எடுக்கிற நிலமெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஊர்க்காரர்களோ கல் நட்ட இடமெல்லாம் போன இடம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நஷ்டஈடு எந்தக் காலத்தில் வருமோ என்று பயந்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். உங்கள் வீட்டைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து வந்தவர்கள், விலை இன்னும் இறங்கட்டும் என்று பார்த்துவிட்டு மட்டும் போனார்கள்.

எனக்குப் பொன்னேரியில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. கம்பெனி ஆட்கள் வந்தால் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று வீட்டுக்காரருக்கு நப்பாசை. கைக்குழந்தையோடு அலைந்துகொண்டிருந்தவனுக்கு உங்கள் ஓட்டு வீடும் கிணறும் கண்ணை விட்டுப் போகவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன்.

ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, மறைக்காம சொல்லு. நம்ம நம்பரு லிஸ்ட்ல கீதா?"

சர்க்கார் எடுக்கப்போகிற நிலங்களின் லிஸ்டை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். உங்கள் நம்பர் அதில் இல்லை.

"மேல எழுதிக்கினு கீறாங்கண்ணே. இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அதற்குப் பிறகு பத்து நாள்கூட ஆகவில்லை, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வந்து நின்றேன். சர்க்கார் எடுத்தால் என் தலையெழுத்து என்று பெரிய மனசுக்காரன் மாதிரி வேறு பேசினேன். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்திரம் பதிந்த பிறகு, வெறும் வீடாகக் கொடுக்கக் கூடாது என்று உப்பும் மஞ்சளும் ஒரு படி அரிசியும் வைத்து, விளக்கேற்றிவிட்டு அண்ணியோடு படி இறங்கினீர்கள். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள் எழும்பின. இந்தப் பக்கத்து மனைகளுக்கு அடிதடி. பின்கட்டில் நான் வரிசையாக அறைகள் கட்டி வேலையாட்களுக்கு வாடகைக்கு விட்டேன். நீங்கள் திருவள்ளூரில் வாடகை ஏற ஏற வீடு மாற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு தடவை வந்து அந்த அறைகளையெல்லாம் சுற்றிப் பார்த்தீர்கள். பொறாமையாக ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன்.

"உனுக்கு ராசி தம்பி. ஊடு உன் கைக்கு வந்ததும் சர்க்காரே மனச மாத்திக்கிச்சு பாரு."

திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன் அண்ணே.

துக்கத்துக்குத் திருவள்ளூர் வந்தேன். கூடத்தில் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உங்கள் மகனைக் கூப்பிட்டார்.

"இவருதாண்டா உங்கப்பாரு சொல்லிக்கினே இருப்பாரே, ராசிக்காரரு. மனை வாங்கறதுன்னா இவர இட்டுக்கினு போய்க் காட்டு."

அவன் பட்டறை வேலையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். மனையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொன்னால், தன் அப்பா இப்படியா ஏமாந்தார் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் நினைத்துக்கொண்டே போவான். சொல்லாவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு நான் கடைசிவரை ராசிக்காரன்தான்.

சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். உங்களிடமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.