சுவருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

இரண்டாம் மாடிப் பின்னறைச் சுவரை இடித்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், இன்ஜினியர், கொத்தனார், கல் அள்ளுகிற அம்மா. வேறு யாரும் இல்லை. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இன்னொருத்தர் நின்ற மாதிரியே எனக்குப் பட்டது.

கடைவீதி மூலையில் நூறு வருஷமாக நிற்கிற கட்டடம். மாமனார் காலத்தில் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே குடித்தனம். கூரை உதிர ஆரம்பித்ததும் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது கீழே கடைகளாகவும் மேலே வீடுகளாகவும் பிரிக்கிற வேலை நடக்கிறது. பின்சந்தில் ஒரு கதவு இருக்கிறதே, உள்ளே அது எங்கே வந்து சேருகிறது என்று இன்ஜினியர் கேட்டார். என் வீட்டுக்காரர் "தெரியலையே" என்றார். பிறந்து வளர்ந்த வீடு. தெரியலையாம்.

இடித்துப் பார்த்தது என் சாமி அலமாரி இருந்த சுவர். நான் கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்காலமானால் அந்தச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்கும். டக் டக்கென்று, விட்டு விட்டு. செத்துப்போன மகள்தான் நிம்மதியில்லாமல் அலைகிறாள், பிரார்த்தனை பண்ணு என்று மாமியார் சொன்னார். என் வீட்டுக்காரருடைய அக்கா, எனக்கு அண்ணி முறை. நான் பார்த்ததில்லை. அந்தச் சுவரிலேயே நீள ஆணியாக அடித்து அலமாரி மாட்டி, தினமும் வாய்விட்டு வேண்டினேன். சில வருஷத்தில் சத்தம் நின்றது. வேண்டுதல் பலித்தது என்று நினைத்தேன்.

இன்று செங்கல் சரிந்ததும் பின்னால் படிக்கட்டு. சந்துக் கதவு வரைக்கும் இறங்குகிறது.

மார்ச் 5

சிமெண்டு வந்தது. மூட்டை எண்ணவில்லை. மனசு ஒட்டவில்லை.

மார்ச் 6

கொத்தனார் கூப்பிட்டார். "அம்மா, நீங்களே வந்து பாருங்க. நான் எதையும் தொடல."

மேல்படியில் மடித்துப் போட்ட பாய். எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகள், பழசும் புதுசுமாக. மடக்குக் குடை ஒன்று. இடிக்காமல் மிச்சம் நிற்கிற பாதிச் சுவர், அந்தப் பக்கம் பூசாத வெறும் செங்கல். கை எட்டுகிற உயரத்தில் ஒரு கல் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

சுவர் அரைக்கல் கனம்தான், நாலரை அங்குலம். என் அலமாரி ஆணிகள் அந்தப் பக்கம் முனை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு முனையில் சின்னக் கம்பளித் தொப்பி தொங்குகிறது. மஞ்சள். கைப்பின்னல். பிறந்த குழந்தைக்கான அளவு.

என் மகளுக்கு. வேறு யாருக்கு இருக்கும்? அந்த அறையில்தான் அவளைத் தூங்க வைப்பேன். விடாமல் அழுகிற குழந்தை.

செத்தவங்க தொப்பி பின்னுவாங்களா? பாய் விரிச்சு உக்காருவாங்களா?

மார்ச் 7

பின்சந்தில் அந்தக் கதவுக்கு எதிரே மிஷின் போட்டிருக்கிற தையல்காரரிடம், அதைத் திறந்து யாராவது வருவதுண்டா என்று கேட்டேன். ரவிக்கை தைக்கக் கொடுக்கிற மாதிரி போய், சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவர் வளைக்கவே இல்லை.

"ஒரு அம்மா வருவாங்களே. சாவி போட்டுத் திறந்து உள்ள போவாங்க, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுவாங்க. உங்க வீட்டு ஆளுதானேம்மா? எனக்கே ஊசி கோக்க முடியலன்னு கண்ணாடி போட்டுக் குடுத்தாங்க. காசு வாங்கல."

அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்றேன். அவரும் ஒரு தடவை கேட்டாராம். "சத்தம் கேக்குறேன்"னு சொன்னாங்களாம். மேலேதான் இப்போது யாருமே இல்லையே என்றதற்கு அந்த அம்மா சிரித்தாராம்.

கடைசியாக எப்போது வந்தார் என்றேன். போன மழைக்கு முன்னால் என்றார்.

உயிரோடு இருக்கிறார். கடவுளே, அண்ணி உயிரோடு இருக்கிறார்.

அரைக்கல் சுவர். நான் வாய்விட்டுத்தான் வேண்டினேன். என்ன வேண்டினேன்? "இவள் இந்த வீட்டுப் பக்கம் திரும்பியே வரக் கூடாது." எத்தனை சாயங்காலம்! அந்தப் பக்கம் காது வைத்திருந்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அதனால்தான் தட்டுவதை நிறுத்தினாரா?

மார்ச் 9

அவரிடம் தொப்பியைக் காட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

கடையில் கண்ணாடி தேய்ப்பது, வருகிறவர்களுக்குக் கண் பார்ப்பது எல்லாம் அக்காதானாம். இவருக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒருநாள் மாமனார் பெயர்ப்பலகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் 'அன்ட் சன்' என்று எழுத வைத்தார். பெயிண்ட் காய்வதற்குள் அக்கா பின்படி இறங்கிப் போய்விட்டார். மறுநாளே மாமனார் படிக்கட்டை மறைத்துச் சுவர் எழுப்பினார். மகள் செத்துவிட்டாள் என்று எல்லோரையும் சொல்லச் சொன்னார். சந்துக் கதவின் சாவி அக்காவிடம் இருப்பதை மாமனார் யோசிக்கவில்லை.

"முன்வாசல் வழியா வந்திருக்கலாமே?"

"முன்னாடி அப்பா உக்காந்திருப்பாரே."

"தட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொன்னா உடைக்கணும்ல."

மாமனார் போன பிறகும் ஏன் உடைக்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருந்தது சரியா? தெரியல.

மார்ச் 10

ராத்திரிச் சாப்பாடு போட்டுவிட்டு நான் தனியாகப் படுத்தேன்.

மார்ச் 12

மகளுக்குப் போனில் சொன்னேன். பேசத் தொடங்கின வயசில் அவள் அந்தச் சுவரைத் திருப்பித் தட்டுவாள், 'டக்டக் அத்தை' என்பாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். அவளுக்கு அது நினைவே இல்லையாம். பிறகு சொன்னாள்: "தொப்பிய துவைச்சிடாதம்மா."

துவைக்கவில்லை.

மார்ச் 14

சண்டை. படிக்கட்டு இருக்கிற இடத்தில்தான் லிஃப்ட் வரவேண்டும், சந்துக் கதவை வெள்ளிக்கிழமைக்குள் செங்கல் வைத்து அடைத்தாக வேண்டும் என்றார் இன்ஜினியர். முடியாது என்றேன். கட்டட வரைபடத்தை என் முன்னால் விரித்து, எனக்குப் புரியாது என்று நினைத்து மெதுவாக விளக்கினார். பாவம், நல்ல பையன். லிஃப்டை முன்கூடத்துக்கு மாற்றினால் ஒரு வீடு குறையும், நஷ்டம் என்றார். நஷ்டக் கணக்கு எனக்கும் போடத் தெரியும் என்றேன்.

அந்தக் கதவை அடைத்தால், அடுத்த தடவை அண்ணி வந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சந்தில் நிற்பார். மறுபடியும் ஒரு சுவர். இந்தத் தடவை நாங்கள் கட்டினது.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படி இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 17

மாலை பின்னறையில் நின்றேன். சுவர் இல்லாததால் கீழிருந்து சந்தின் இரைச்சல் ஏறி வருகிறது. தையல் மிஷின் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. அப்படியென்றால் அண்ணிக்கு எல்லாமே கேட்டிருக்கும். நான் பாத்திரம் உருட்டியது, அழுதது, எல்லாம்.

பிரார்த்தனை செய்ய வாய் திறந்தேன். வரவில்லை. என்ன கேட்பது?

மார்ச் 19

முன்பக்கப் பெயர்ப்பலகையை அவரே ஏணி போட்டு இறக்கினார். வேண்டாம், ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. இறங்கி வந்து, சந்துக் கதவுப் பூட்டுக்கு எண்ணெய் போட்டார். அது ஏற்கெனவே எண்ணெய் போட்டுத்தான் இருந்தது.

மார்ச் 20

மேல்படியில், பாய்க்குப் பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக் கல் பாரம் வைத்தேன். இன்னொன்றைத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். எழுதியது இதுதான்:

அண்ணி, நான் உங்கள் தம்பி மனைவி. என் குரல் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வேண்டினதெல்லாம் ஆள் தெரியாமல் வேண்டினது. சுவரை எடுத்தாகிவிட்டது, தட்ட வேண்டாம், ஏறி வாருங்கள். தொப்பி பத்திரமாக இருக்கிறது. கீழே மூலைக் கடையை யாருக்கும் வாடகைக்குப் பேசவில்லை. பழைய எழுத்தை அழித்தாயிற்று, பலகை வெறும் பலகையாக இருக்கிறது. அதில் என்ன பெயர் எழுத வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெயிண்டர் காத்திருக்கிறார். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.