பன்னிரண்டு நிமிடத் தூரம்

மார்ச் 6, திங்கள்

இன்று எங்கள் அத்தியூத் தீவு விமானத் திடலில் பதினோரு பேரை எடை போட்டேன். சின்ன விமானம், ஆளையும் மூட்டையையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். வெளியூர்ப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மித்தியாரோத் தீவு எவ்வளவு தூரம் மாமா?"

"அம்பது கிலோமீட்டர் இருக்கும். பன்னிரண்டு நிமிஷம். பெல்ட்டைப் போட்டுக் கழட்டுறதுக்குள்ள இறங்கிடுவே."

"அப்போ நீங்க அடிக்கடி போவீங்க!"

சரக்குக் கயிற்றை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். தங்கை தெரேபாய் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நான் போய் ஒன்பது வருஷம்.

மார்ச் 7

ஒன்பது வருஷத்துக்கு முன், அப்பாவை அடக்கம் செய்த அன்று, தெரேபாய் எங்கள் சேம்புத் தோட்டத்தில் ஒரு பாத்தி கேட்டாள். ஒரே ஒரு பாத்தி. "கடல் தாண்டிப் போனவளுக்கு இந்த மண்ணுல என்ன பேச்சு?" என்றேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? பாதித் தோட்டம் இன்றைக்கும் புதர் மண்டித்தான் கிடக்கிறது.

மே 31, புதன்

தெரேபாயின் கணவர் நூரோவா போன் செய்தார். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாம். "வெள்ளிக்கிழமை ராரோடோங்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். விமானம் உங்க அத்தியூல கால் மணி நேரம் நிக்கும்ல? ஒரு எட்டு வந்து பார்த்துடுங்க மச்சான்."

ஜூன் 1

பயணம் போகிறவர்களுக்குப் போடும் பூமாலை கட்டிவிட்டேன். என்ன பேசுவது?

ஜூன் 2, வெள்ளி

வந்தாள். விமானத்தில் இரண்டாவது ஜன்னல். முகம் வீங்கியிருந்தது.

சேம்பு மூட்டை இரண்டு எடை கூடுதல். இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். விமானி, "விடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றுகூடச் சொன்னார். விட்டேனா? கதவுக்கு எட்டடி தூரம். கால் வரவில்லை. வேலை என்று சொல்லிக்கொள்கிறேன் — வேலையா அது? பயம்டா. வெறும் பயம்.

கதவைச் சாத்திவிட்டார்கள். மாலை தராசுமேலேயே கிடந்தது.

ஜூலை 14

தெரேபாயை ஆக்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இனி அங்கேதான். திரும்பி வரமாட்டாள்.

ஜூலை 17

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று மித்தியாரோ வந்தேன். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இறக்கிவிட்டார்கள்.

நூரோவா வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார். அவரும் ஆக்லாந்து போகிறார். ஏரி விலாங்கைச் சுட்டு வைத்தார். அவளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"ஆள் இல்லாத வீட்டுக்கு வந்திருக்கியாக்கும்?"

"அன்னிக்கு நான் கதவுகிட்ட வந்திருக்கணும் தெரேபாய்."

"வந்திருக்கணும்."

நூரோவா விலாங்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "சாப்பிட்டியா அண்ணே?" என்றாள்.

ஆகஸ்ட் 9, புதன்

ஊர் திரும்பினேன், தெரேபாயின் நாயோடு. நூரோவாதான் கொண்டுபோகச் சொன்னார். பெயர் கேட்டதற்குத் தரையைப் பார்த்துச் சிரித்தார். "ரிக்கி."

ரிக்கி, வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர்.

"கோவத்துல அவ வச்ச பேரு மச்சான். ஆனா தினமும் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுச் சோறு வச்ச பிறகுதான் எனக்கே தட்டு வரும்."

இன்று மாலை ஓடுபாதை வேலியோரம் நின்று என் பெயரை நானே கூப்பிட்டேன். நாய் தலையைத் தூக்கியது. என்னைத் தாண்டி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது.