வாசலில் ஒரு சோடி பூட்ஸ்

14 ஜனவரி 2025

காலையில் கணினியைத் திறந்தால் எல்லாம் பச்சை. எனக்குப் பச்சையைக் கண்டாலே சந்தேகம்.

லித்துவேனியாவில் நிற்கும் லாரிகள் பச்சை, போலந்துக்குப் போன ஜெனரேட்டர்கள் பச்சை, வடக்கே பனிக்குள் நிற்கும் அம்புலன்சுகளும் பச்சை. நோர்வே இராணுவத்தின் சாமான் எந்த நாட்டில் எந்த நிலையில் கிடக்கிறது, உடைந்ததற்குப் பாகம் எங்கிருந்து வரும் என்று ஒஸ்லோவில் ஒரு கதிரையில் இருந்தபடி பார்ப்பது என் வேலை. பச்சை என்றால் இப்போதே புறப்படலாம். மஞ்சள் என்றால் குறை இருக்கிறது. சிவப்பு என்றால் தொடாதே. சிவப்புப் போட ஒருவருக்கும் மனம் வருவதில்லை, ஜோனாசைத் தவிர.

வடக்கு முகாமின் பட்டறைக்கு அவன்தான் பொறுப்பு. சார்ஜன்ட். இன்றும் அழைத்தேன். "உன் அம்புலன்ஸ் எல்லாம் பச்சையாமே?" "நான் விடுமுறையில் நின்றபோது வேறு யாரோ போட்டது. எனக்கு அவற்றின் சத்தம் பிடிக்கவில்லை." "பிடிக்கவில்லை என்றால் என்ன நிறம்?" யோசித்துவிட்டு, "சிவப்புப் பக்கம் சாய்ந்த மஞ்சள்" என்றான். பிறகு வேலைக் குரலை விட்டுவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான்தான் பழக்கினேன். நோர்வேக்காரன் வாயில் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இந்த நாட்குறிப்புக் கொப்பி தமிழில் இருப்பதால் அலுவலகத்தில் யார் எட்டிப் பார்த்தாலும் விளங்காது. அம்மா பார்த்தால் விளங்கும். 'அவன்' என்று எழுதியதற்கே முதலில் ஏச்சு விழும்.

22 ஜனவரி

வேலை விஷயம் ஒன்றும் இல்லாமலே இன்று அழைத்தேன். அவனும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

2 பெப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது புஷ்பராணி அன்ரி வழக்கம்போல வந்துவிட்டார். ஸ்ட்ரோம்மனில் ஒரு பல் டாக்டர் மாப்பிள்ளையாம். "கரோலினா என்ன வேலை செய்யிறா?" என்று கேட்க, அப்பா வழக்கமான பதிலைச் சொன்னார்: "அரசாங்கத்திலை. சாமான் அனுப்புற வேலை." என்ன சாமான், யாருக்கு என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. என் அப்பாவே ஒரு மஞ்சள்.

பல் டாக்டருக்குப் பயந்துதான் வெஸ்ட்லியில் அப்பா அம்மாவின் வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்தேன். எனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது, பெயர் ஜோனாஸ் என்றேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா அமைதியாகத்தான் கேட்டார்.

"என்ன வேலை?"

"வாகனம் திருத்துற வேலை, அப்பா."

"நல்லதுதானே. எங்கை?"

"ஆமியிலை."

அப்பா ரிவியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் உன்னைத் தடுக்கேல்லை. நீ விரும்பினதைச் செய். ஆனா ஆமிக்காரன் என்ரை வாசற்படி தாண்டக்கூடாது."

அதன் பிறகு அறைக்குப் போய்விட்டார். அம்மா குசினிக்குள் வைத்துச் சொன்னார், இத்தனை வருடமாக எனக்குச் சொல்லாததை. படத்தில் மட்டும் நான் பார்த்திருக்கும் கிளின்ரன் சித்தப்பா, அப்பாவின் தம்பி. மன்னாரில், தொண்ணூறாம் ஆண்டு, மாரிகாலம். எல்லோரும் பாயில் இருந்து சாப்பிடுகிற நேரம். "ஆமிக்காரங்கள் பூட்ஸோடை உள்ளுக்கு வந்தவங்கள், மகள். பாய்க்கு மேலாலை, சாப்பாட்டுக்கு மேலாலை நடந்து வந்து அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவ்வளவுதான், பிறகு ஆளைக் காணேல்லை. நிலமெல்லாம் சேறு. அதைக் கழுவ உன்ரை கொப்பர் கனநாள் விடேல்லை."

3 பெப்ரவரி

நித்திரை இல்லை. நோர்வே ஆமி வேறை, அந்த ஆமி வேறை எண்டு அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். முப்பது வருடமாக இந்த ஊரில் பஸ் ஓட்டியவர், சீருடைப் பெடியன்களை ஏற்றி இறக்கியவர். தெரிந்தும் முடியவில்லை. அது பிழையா?

அப்ப நான் ஆர்? நானும் ஆமிக்குச் சாமான் அனுப்புற ஆள்தானே — நானும் படி தாண்டக்கூடாதோ? கேட்க நினைத்தேன். கேட்டால் அழுவார். அப்பா அழுதால் என்னால் தாங்கேலாது.

5 பெப்ரவரி

ஜோனாசுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பான், குறைந்தது தன் பக்கத்தையாவது சொல்லுவான் என்று நினைத்தேன். "உன் அப்பா சொல்வதில் எனக்குப் பிழை தெரியவில்லை" என்றான். "நீ மட்டும் போய் வா. எனக்காக உன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடாதே."

"உனக்குக் கவலை இல்லையா?"

"இருக்கிறது. மஞ்சள்."

இப்படிப்பட்டவனை எப்படி விடுவது? விடமாட்டேன். அப்பாவையும் விடமாட்டேன். இரண்டையும் எப்படி வைத்திருப்பது என்றுதான் தெரியவில்லை.

19 பெப்ரவரி

மார்ச்சில் வடக்கே கூட்டுப் பயிற்சி. பல நாட்டு இராணுவங்கள் வருகின்றன. இன்று ஜோனாஸ் தன் அம்புலன்சுகள் அத்தனைக்கும் சிவப்புப் போட்டுவிட்டான். எஞ்சின் ஓடுகிறது, சில்லு சுற்றுகிறது. ஆனால் நோயாளி படுக்கும் பகுதியின் ஹீட்டர் கடும் குளிரில் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு வேண்டிய பம்புகள் களஞ்சியத்தில் இருப்பதாக என் திரை காட்டுகிறது. தேடிப் போனால் இருப்பது ஒரே பெட்டி. அந்த ஒரே பெட்டியை லித்துவேனியாவுக்கும் எழுதி, வடக்குக்கும் எழுதி வைத்திருக்கிறோம். அதனால்தான் இரண்டு பக்கமும் பச்சை. பெட்டி ஏற்கெனவே லித்துவேனியாவுக்குக் கப்பலேறிவிட்டது.

மேலாளர் இங்குன் என் மேசைக்கு வந்தார். "ஓடுகிற வண்டிக்கு ஏன் சிவப்பு? வெளிநாட்டு ஜெனரல்மார் வருகிறார்கள். மஞ்சளாவது போடு." நல்ல பெண்மணி, ஆனால் அவருக்கு மேலே எத்தனை பேர்! நான் சொன்னேன்: "உள்ளே படுத்திருப்பவர் எழுந்து நடந்து உடம்பைச் சூடாக்க முடியாது, இங்குன்." சிவப்பை உறுதிசெய்து அனுப்பினேன். வேலை போகாது என்று நினைக்கிறேன். போனாலும் பல் டாக்டர் இருக்கிறார்.

28 பெப்ரவரி, வெள்ளி

என்ன நாள் இது! ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சிவப்புக்கு விளக்கம் சொல்ல ஜோனாசை ஒஸ்லோவுக்கு அழைத்திருந்தார்கள். காலை விமானத்தில் சீருடையோடு வந்தான். பெரிய மேசை, தோளில் பெரிய பட்டைகளோடு அதிகாரிகள். "எப்போது சரியாகும்?" என்று ஒருவர் கேட்க, "தெரியாது. பாகம் வந்த பிறகு கேளுங்கள்" என்றான். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பெருமை. கடைசியில், பாகம் வரும் வரைக்கும் ஸ்வீடனிடம் அம்புலன்ஸ் இரவல் கேட்பது என்று முடிந்தது. இங்குன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை.

வெளியே வந்தால் பனிப்புயல். அவனுடைய மாலை விமானம் ரத்து. இன்று அப்பாவின் பிறந்தநாள், கேக் என் காரில். அந்தப் பனியில் கார் ஓட்ட எனக்குத் துணிவில்லை. வடக்கத்தியானுக்கு அது ஒரு பனியே இல்லை. வெஸ்ட்லி வரைக்கும் அவனே ஓட்டினான். கட்டடத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, "நீ போ. நான் இங்கே இருக்கிறேன்" என்றான். மேலே வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏன் பிந்தினாய் என்று அப்பா கேட்டார். கேக் வெட்டியபடியே ஹீட்டர் கதையைச் சொன்னேன். வேலைக் கதையை அப்பா இவ்வளவு கவனமாக ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓடுற வண்டியை ஓடாது எண்டு சொன்னது, அந்தப் பெடியனோ?"

"ஓம், அப்பா."

"இப்ப எங்கை அவன்?"

பொய் சொல்ல வரவில்லை. "கீழை. காருக்குள்ளை."

அம்மா யன்னலுக்கு ஓடினார். அப்பா கையில் கேக் துண்டு அப்படியே.

"ஹீட்டர் போட்டிருக்கிறானோ?"

"இல்லை அப்பா. நிற்கேக்கை எஞ்சினை ஓடவிடக்கூடாது எண்டு சட்டம் இருக்குதெல்லே. அவன் நிப்பாட்டிப்போட்டுத்தான் இருப்பான்."

"விசரனோ இவன்?"

அம்மா யன்னலிலேயே நின்று, "குளிருக்கை பிள்ளை விறைக்கப்போகுது" என்று முணுமுணுத்தார். யாருக்கும் சொல்லாதது போல, எல்லோருக்கும் கேட்க. அப்பா கேக்கைத் தட்டில் வைத்தார்.

"மேலை வரச்சொல்லு."

லிப்டிலிருந்து வெளியே வந்தவன் கதவுக்கு வெளியிலேயே நின்றான். சீருடை, தோளில் பனி, காலில் கெண்டைக்கால் வரைக்கும் பூட்ஸ். அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார். அவர் விரல்கள் வெளிறியிருந்தன. நான் இருவருக்கும் நடுவில்.

ஜோனாஸ் வணக்கம் சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். எந்த நோர்வேக்காரனும் செய்வதுதான். சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் போக அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பூட்ஸ் கழற்ற எவ்வளவு நேரம்! நாடா நனைந்து இறுகி, ஒவ்வொரு கொக்கியாக. ஒரு காலைக் கழற்றினான். பிறகு மற்றது. அப்பா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் இருந்த சப்பாத்து அடுக்குக்குள் வைக்கப் பார்த்தான், பலகைகளுக்கு இடையில் உயரம் கொள்ளவில்லை. வெளியிலேயே சுவரோரம் ஒழுங்காக வைத்தான். எழுந்தபோது காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே. அவன் வெட்கப்பட்டு விரலை மடக்கினான்.

அப்பா அந்த விரலைப் பார்த்தார். "மேரியம்மா, சோறு போடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வழி விட்டார்.

சாப்பாட்டு மேசையில் அம்மா கோழிக்கறி உறைப்பா என்று கேட்க, ஜோனாஸ் கண்ணீரோடு "சிவப்பு" என்றான். அம்மாவுக்கு விளங்கவில்லை, நான் சொல்லிக் கொடுத்தேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா எழுந்து போய் ஒரு கோப்பை தயிர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

நாங்கள் புறப்படும்போது பூட்ஸ் நின்ற இடத்தில் பனி உருகிக் கலங்கிய தண்ணீர். அம்மா துணியோடு வந்தார். அப்பா அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நீ விடு, நான் துடைக்கிறன்" என்று துணியை வாங்கினார். லிப்ட் கதவு மூடும்போது அப்பா குந்தியிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

காரில் அழுதேன். ஜோனாஸ் எஞ்சினைப் போட்டான்.

1 மார்ச்

அப்பாவிடமிருந்து அழைப்பு இல்லை. அம்மா மட்டும்: "கொப்பர் விடியவெள்ளன எழும்பி மெழுகுதிரி கொளுத்தினவர். தம்பியின்ரை படத்துக்கு."

11 மார்ச்

அப்பா இன்று தானே அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை. "அந்த ஹீட்டர் சாமான் வந்திட்டுதோ?" இன்னும் இல்லை என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

13 மார்ச்

மறுபடியும் அழைத்தார். "வந்திட்டுதோ?" எங்கள் ஜெனரல்மார்கூட இப்படிக் கேட்கவில்லை.

18 மார்ச்

பாகம் வந்தது. ஜோனாஸ் முதல் வண்டியை இரவு முழுவதும் பனியில் நிறுத்தி, தானே உள்ளே படுத்துப் பார்த்தானாம். காலையில் பச்சை போட்டான். அந்தப் பச்சையை நான் சந்தேகப்படவில்லை.

அப்பாவுக்குச் சொன்னேன். "உள்ளுக்கை படுத்தவனோ?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காலுறை ஏதும் ஒழுங்கா வைச்சிருக்கிறானோ?" என்றார்.

6 ஏப்ரல்

ஜோனாசுக்கு என்ன வேலை என்று புஷ்பராணி அன்ரி கேட்க அப்பா சொன்னார்: "ஆமியிலை. அம்புலன்ஸ் ஓடுமோ ஓடாதோ எண்டு பாக்கிற வேலை." கோப்பி என் மூக்கில் ஏறியது.

19 ஏப்ரல், பெரிய சனி

நாளை உயிர்த்த ஞாயிறு. ஜோனாஸ் வடக்கிலிருந்து நேரே வருகிறான், சீருடை மாற்ற நேரம் இருக்காது என்று சொல்லியிருந்தான். அதை அம்மாவிடம்தான் சொன்னேன். அப்பாவிடம் என்ன நிறம் என்று கேட்கப் பயம்.

சமைக்க உதவலாம் என்று இன்றே வெஸ்ட்லிக்கு வந்தேன். வாசலில் சப்பாத்து அடுக்கின் நடுப் பலகையைக் காணவில்லை. மேலே அப்பாவின் ஸ்குரூ டிரைவர்.

"என்னப்பா இது?"

"பலகை உடைஞ்சு போச்சு, பிள்ளை."

கதவுக்குப் பின்னால் பலகை சாய்ந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. என் சப்பாத்தைக் கழற்றி மேல்தட்டில் வைத்தேன். கீழே இப்போது நல்ல உயரம், ஒரு சோடி பூட்ஸ் நிமிர்ந்து நிற்கலாம்.